லாயாங் லாயாங் இறுதி ஆட்டமும் சாயங்கால வண்டியும்

ஒரு கையெழுத்து வாங்குவதற்காகக் கடல் தாண்டிப் போன ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு யாரும் என் புத்திசாலித்தனத்தைப் பற்றி ஏமாற வேண்டியிருக்காது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு மா நிலம். அதை எனக்கும் என் பெரியப்பா மகன் சுந்தரம் அண்ணனுக்கும் பிரிப்பதில் இருபது வருஷத் தகராறு. ஒருவழியாகப் பத்திரம் எழுதி முடித்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவரோ மலாயாவின் ஜொகூரில், லாயாங் லாயாங் என்ற ஊர் ரயில் ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தா. மூன்று கடிதம் போட்டோம். மூன்றுக்கும் ஒரே வரிப் பதில்: "பைனல் முடியட்டும்." பைனல் என்பது என்ன வியாதி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நேரில் போய்ப் பார்த்து வர ஒருவனை அனுப்புவதென்று முடிவாயிற்று. வேலை வெட்டி இல்லாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

கப்பலைப் பற்றி எழுதமாட்டேன். கப்பலில் நான் பார்த்ததெல்லாம் ஒரு வாளியைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து கடலுக்குக் குறுக்கே போட்ட கல்பாதையைத் தாண்டி ஜொகூர் பாருவில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரே ராமநாதபுரத்துக் கடற்கரைப் பாய் ஒருவர் சோற்றுக்கடை வைத்திருந்தார். காப்பி கேட்டேன். டின் பால் ஊற்றிக் கொண்டுவந்தார். பாயசத்தைக் கருக வறுத்துக் கரைத்தால் அப்படித்தான் இருக்கும். இனிப்பு இல்லாமல் கிடைக்குமா என்றேன். உடனே பாலே இல்லாமல் ஒன்று வந்தது. பால் இல்லாத காப்பிக்கு இங்கே 'கோப்பி ஓ' என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் மாசக் கடைசி.

சோற்றுக்கு மீன் குழம்பும், மிளகாயை அரைத்து வதக்கிய சம்பல் என்ற ஒன்றும் வைத்தார். அதைத் தொக்கு என்று நினைத்து அள்ளிப் போட்டுப் பிசைந்தேன். கண்ணீர் வழியச் சாப்பிடும் என்னைப் பார்த்து பாய் கேட்டார்:

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"லாயாங் லாயாங்."

"பைனலுக்கா? வீணா எதுக்குங்க போறீங்க. குளுவாங்தான் ஜெயிக்கும். போன மூணு வருசமும் அவங்கதான்."

பைனல் என்பது வியாதி இல்லை, ஏதோ போட்டி என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த அளவுக்குப் பிரயாணம் பலன் தந்தது.

பகல் வண்டியில் ஏறினேன். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஒரே மரத்தை யாரோ ஓடி ஓடி ஜன்னலுக்கு எதிரே நட்டுவைப்பது போல ஒரே காட்சி. எங்கள் பக்கத்து ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு தகராறாவது கண்ணில் படும். இங்கே நிழல்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். லாயாங் லாயாங் வந்தபோது ஒரு செருப்பைக் காணோம். பெஞ்சுக்கு அடியில் தலையை நுழைத்துத் தேடினேன். செருப்பு கிடைத்தது. ஸ்டேஷன் போய்விட்டது. அடுத்த ஊரான ரெங்கத்தில் இறங்கினேன்.

அங்கே தண்டவாளம் பார்க்கும் கூலிகள் தள்ளுவண்டியோடு தெற்கே புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு சக்கரம், மேலே ஒரு பலகை. இரண்டு பேர் வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேல் ஓடி அதைத் தள்ளுகிறார்கள். வேகம் பிடித்ததும் அவர்களும் தாவி ஏறிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மண்டோர், அதாவது கூலிகளுக்குத் தலைவர், அந்தோணி என்பவர். வெற்றிலை வாயோடு என்னை விசாரித்தார். குமாஸ்தாவுக்கு இங்கே கிராணி என்று பெயர்.

"சுந்தரம்னா, கிராணி சுந்தரமா? ஏறுங்க. பைனல் சமயத்துல கிராணி தம்பி நடந்து வந்தா நல்லாவா இருக்கும்?"

பலகை விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நான் கேட்ட சரித்திரத்தை அப்படியே எழுதுகிறேன். பாதி அந்தோணி சொன்னது. மீதி, ஓடுகிறவர்கள் மூச்சிரைக்கத் திருத்தியது.

ஒரு கம்பத்தின் உச்சியில் கூடை. அதில் பந்தைப் போட வேண்டும். கூடைக்கு அடி கிடையாது. போட்ட பந்து கீழே விழுந்துவிடும், மறுபடியும் போட வேண்டும். இதுதான் ஆட்டம். சீனப் பள்ளிக்கூடங்களில் ஆரம்பித்து, கடைக்காரர்களுக்குப் பைத்தியம் பிடித்து, ரயில் பாதை ஓரத்து ஊர்கள் ஐந்தும் ஆளுக்கொரு கோஷ்டி வைத்திருக்கின்றன. ஊரில் பெரிய கடை வைத்திருக்கும் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஆட்டக்காரர்களுக்குக் கடையில் வேலை கொடுத்துச் சம்பளமும் கொடுப்பார். எந்தச் சாதி, எந்த பாஷை என்ற கேள்வியே இல்லை. பந்து கூடையில் விழுந்தால் போதும். வருஷக் கடைசியில் முதல் இரண்டு ஊருக்கும் லாயாங் லாயாங்கில் இறுதி ஆட்டம். அங்கேதான் வம்பு.

முதல் வருஷம் கடை கடிகாரத்தை வைத்து ஆடினார்கள். உள்ளூர்க் கோஷ்டி தோற்கும் சமயத்தில் கடிகாரம் நின்றுவிட்டது. மறு வருஷம் இரு தரப்பும் ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொண்டுவந்தார்கள். ஒரு கடிகாரப்படி, ரெங்கத்துக்கு வடக்கே இருக்கும் குளுவாங் ஜெயித்தது. மற்றதன்படி லாயாங் லாயாங் ஜெயித்தது. அடிதடி ஆகிவிட்டது. அப்போதுதான் என் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். ரயில்வேக்காரர் மூளை. தெற்கேயிருந்து வரும் சாயங்கால வண்டி கூலாயை விட்டுப் புறப்பட்டதாக ஸ்டேஷனில் மணி அடித்ததும் இரண்டாம் பாதி தொடங்க வேண்டும். அதே வண்டியின் இன்ஜின், பிளாட்பார முனையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு நேரே வந்ததும் ஆட்டம் முடிய வேண்டும். வெளியூர்க்காரர்கள் அந்த வண்டியைப் பிடித்துத்தான் ஊர் திரும்ப வேண்டும். ஆகவே சண்டை போட நேரமே இருக்காது.

"நல்ல யோசனைதான்," என்றார் அந்தோணி. "ஒரு வருசம் பாதையில மண்ணு சரிஞ்சு வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டு. ஆட்டத்தை நிறுத்த முடியுமா? சட்டம் சட்டம்தானே. கடைசியில ஒருத்தன் படுத்துக்கிட்டே பந்தைப் பிடிச்சான்."

"படுத்தவன் நான்தாங்க," என்றான் தள்ளிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவன்.

லாயாங் லாயாங் என்பது ஒரு ஸ்டேஷன், ஒரு கடை வரிசை, மீதி ரப்பர். அண்ணன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பத்திரத்தை நீட்டினேன். அப்போதுதான் பிறந்த குழந்தையை ஒதுக்குவது போல மென்மையாக அதை ஒதுக்கினார்.

"கோபாலு, ஞாயித்துக்கெழமை பைனல். ஜெயிச்சா அன்னைக்கே கையெழுத்து."

"தோத்தா?"

"தோத்தா எனக்கு அடுத்த வருசம் வரைக்கும் மனசு சரியா இருக்காதுடா."

சனிக்கிழமை ஊர் பார்த்தேன். பதினோரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிறகு தவுக்கே கடை வாசலில் உட்கார்ந்தேன். தவுக்கே ரப்பர் ஷீட்டு வாங்கி விற்பவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் தன் வீட்டுச் சாவைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

மூட்டை இறக்கியவன் வீரன். குட்டையான ஆள். தவுக்கே பணத்தில் அண்ணன் நடத்தும் ஊர்க் கோஷ்டியில் பந்து போடுவதில் இவனுக்கு ஈடு இல்லையாம். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டியவன். விலை விழுந்ததும் தோட்டத்தில் ஆள் குறைத்து, குறைத்தவர்களைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வீரன் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. தவுக்கே, கோஷ்டிக்கு வேண்டும் என்று சொல்லி அவனைக் கடைக்கு எடுத்துக்கொண்டார். இந்த வருஷமும் கோப்பை வராவிட்டால் கோஷ்டியைக் கலைத்துவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். கோஷ்டி போனால் கடை வேலை போகும். வேலை போனால் கப்பல்.

நான் ஊரிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் வீரன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஐயா, சேலம் ஜில்லாவுல ராசிபுரம்னு ஒரு ஊராம். பாத்திருக்கீங்களா?"

"இல்லையே. உன் ஊரா?"

"அப்பா ஊருங்க. நான் இங்கதான் பொறந்தேன். அந்தா அந்த லயத்துல." ரப்பர் மரங்களுக்குள் தெரிந்த கூலி வீட்டு வரிசையைக் காட்டினான். "திருப்பி அனுப்புறோம்னாங்க. வந்தாத்தானே திரும்பறதுக்கு? அங்க என்னங்க வேலை இருக்கும்? ரப்பர் இருக்கா?"

"ரப்பர் இல்லை. நெல், சோளம்..."

"நான் நெல்லைப் பாத்ததே இல்லீங்க. அரிசி தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்காததால் நானும் நிறுத்திக்கொண்டேன். தவுக்கே உள்ளேயிருந்து ஏதோ மலாயில் முணுமுணுக்க, அவன் எழுந்து பந்தை எடுக்கப் போனான். பேசாமல் நூறு முறை பந்து போட்டுப் பழகச் சொன்னாராம். மூட்டையை அவரே பார்த்துக்கொள்வாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் குளுவாங்காரர்கள் வந்து இறங்கினார்கள். அன்னாசி டின் பண்ணும் தொழிற்சாலையின் கோஷ்டி அது. கூடவே இரண்டு கூடை அன்னாசி. தலைவன் ஆ செங். நெட்டையான சீன வாலிபன். தோட்டத்து லயங்களுக்குப் பக்கத்தில் கடை வைத்த குடும்பம் என்பதால், அவன் பேசிய தமிழ், வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு 'லா'வோடு, என்னுடையதைவிட வேகமாக இருந்தது.

வந்ததும் ஒரு சிக்கல். தண்ணீர்த் தொட்டிக்கு நேரே இன்ஜின் வருவதைப் பார்த்துக் கொடியை இறக்குவதற்கு இரு தரப்புக்கும் பொதுவான ஆள் ஒருவர் வேண்டும். கொடி விழுந்த பிறகுதான் நடுவர் விசில் ஊதுவார். அதுவரை ஆட்டம் உண்டு. அத்தனை வருஷமும் கொடி பிடித்த தபாலாபீஸ்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். பக்கத்து மலாய்க் கிராமத்துப் பெங்குலு, அதாவது ஊர்த்தலைவர், எல்லோருக்கும் சம்மதமானவர்தான். ஆனால் மத்தியானம் தூங்குவேன் என்றார். ஸ்டேஷன்காரர்கள் எல்லோரும் அண்ணன் ஆட்கள். யாரைச் சொன்னாலும் யாராவது தலையை ஆட்டினார்கள்.

"இவன் இருக்கான்," என்று என் தோளில் கை வைத்தார் அண்ணன்.

"இவரு உங்க தம்பியில்ல?" என்றான் ஆ செங்.

"தம்பி இல்ல. பங்காளி. எனக்கும் இவனுக்கும் நிலத் தகராறு. நான் ஜெயிச்சா இவன் வயிறு எரியும். கேட்டுப் பாரு."

கூடியிருந்த தமிழர்கள் அத்தனை பேரும் அது நியாயம் என்பது போலத் தலையசைத்தார்கள். அந்தோணி, "பங்காளின்னா பின்ன சரிதான். இதைவிடப் பொதுவான ஆளு எங்க கிடைப்பான்," என்றார். ஆ செங் பத்திரத்தைக் காட்டச் சொன்னான். தமிழ் படிக்கத் தெரியாது. முத்திரையைத் தடவிப் பார்த்தான்.

"எத்தனை வருசச் சண்டை?"

"இருபது," என்றேன்.

"இன்னும் கையெழுத்துப் போடலை?"

"போடலை."

"அப்ப சரி லா," என்று பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். தன் ஆட்களிடம் சீனத்தில் ஏதோ விளக்கினான். அவர்கள் என்னை மிகுந்த நம்பிக்கையோடு பார்த்தார்கள்.

அண்ணன் ஜெயித்தால்தான் எனக்குக் கையெழுத்து என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மைதானத்தில் என்னைவிடப் பக்கச்சார்பான ஆள் கிடையாது. சொல்லியிருக்கலாம். அதற்குள் அன்னாசித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சரக்குக் கொட்டகைக்குப் பின்னால்தான் மைதானம். மண் தரையில் சுண்ணாம்புக் கோடு. என்னை ஒரு பெட்டியின் மேல் ஏற்றி, பச்சைக் கொடியைக் கையில் கொடுத்தார்கள். ஒரு பக்கம் திரும்பினால் ஆட்டம்; மறுபக்கம் திரும்பினால் தண்டவாளமும் தொட்டியும். கண்ணை எடுக்காமல் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட ஒரே கட்டளை.

முதல் பாதியை நான் தாராளமாகப் பார்த்தேன். ஒவ்வொரு முறை கூடையில் பந்து விழுந்ததும் அதை நடுவுக்குக் கொண்டுவந்து, மேலே எறிந்து, இரண்டு பேர் எம்பி அடித்து மறுபடி தொடங்கினார்கள். நெட்டை ஆ செங் எம்பினால் எதிராளிக்கு வானம்தான் மிச்சம். ஆனால் வீரன் கையில் பந்து வந்துவிட்டால் ஊரே மூச்சை அடக்கியது. மார்புக்கு நேரே இரு கையாலும் பிடிப்பான். ஒரு கணம் அசைய மாட்டான். மரத்தில் எங்கே கத்தி வைப்பது என்று பார்ப்பவன் போல ஒரு பார்வை. பிறகு பந்து போய்விடும்.

ஸ்டேஷன் மணி அடித்தது. வண்டி கூலாயை விட்டுவிட்டது. இரண்டாம் பாதி. நான் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன் பிறகு ஆட்டத்தைக் காதால்தான் பார்த்தேன். தமிழில் கத்தினால் நாம். சீனத்தில் கத்தினால் அவர்கள். ரொம்ப நேரம் சீனமே கேட்டது. அண்ணன் என் பெட்டிக்குக் கீழே வந்து, "பதினேழு, பதினாறு. ஒண்ணு அவங்க கூட," என்றார். "புகை தெரியுதாடா?"

"தெரியலை."

கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. ரப்பர் மரங்களுக்கு மேலே ஒரு கறுப்புக் கோடு. "தெரியுது," என்றேன். அண்ணன் போய்விட்டார். இன்ஜின் வளைவில் திரும்பியது. கொடியை உயர்த்திப் பிடித்தேன். வெளிக் கைகாட்டியைத் தாண்டியது.

அப்போது பின்னால் சத்தம் திடீரென்று அடங்கிவிட்டது. கத்தினால் திரும்பியிருக்க மாட்டேன். அத்தனை பேரும் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டால் எந்த மனிதன் திரும்பாமல் இருப்பான்? திரும்பினேன். பந்து வீரன் கையில். எதிரே ஒரு முழத் தூரத்தில் ஆ செங், இரு கையையும் விரித்துக்கொண்டு. வீரன் இடப்பக்கம் ஒரு அடி வைத்தான். ஆ செங்கும் வைத்தான். வலப்பக்கம், அவனும் வலப்பக்கம். வீரன் பின்னால் ஒரு எட்டு நகர்ந்து நின்றான். மார்புக்கு நேரே பந்து. அந்தப் பார்வை. பந்து மேலே போனது. கூடை வளையத்தில் உட்கார்ந்தது. ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு அரைச் சுற்று சுற்ற யோசித்தது. உள்ளே விழுந்தது.

கொடியைப் பற்றி அப்போதுதான் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தேன். இன்ஜின் தொட்டிக்கு நேரே வந்து நின்றாகிவிட்டது; கரி அள்ளுகிறவன் மேலே ஏறித் தண்ணீர்க் குழாயை அதன் வாயில் திணித்தும்விட்டான். கொடியை இறக்கினேன். நடுவர் விசில் ஊதினார். கூடையில் விழுந்த பந்துக்கு இரண்டு எண்ணிக்கை: நாம் பதினெட்டு, அவர்கள் பதினேழு.

வீரனுக்காகத் தாமதம் செய்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். கையெழுத்துக்காகச் செய்தேன் என்றாலாவது சாமர்த்தியசாலி என்று பேர் வரும். உண்மையில் ரயிலை மறந்துவிட்டேன். ஒரு ரயிலை. புகையும் சத்தமும் விட்டுக்கொண்டு பத்துப் பெட்டியோடு வந்த ரயிலை.

இன்ஜின் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை வண்டி நிற்கும். நானும் வடக்கே போய்ப் பினாங்கில் கப்பல் ஏற வேண்டியவன். பிளாட்பாரத்துப் பெஞ்சில் பத்திரத்தை விரித்தேன். அண்ணன் கண்ணில் நீரோடு கையெழுத்துப் போட்டார். நிலம் பிரிந்த துக்கம் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். சாட்சிக்கு அந்தோணி கைநாட்டு வைத்தார். தவுக்கே வீரனைக் கூப்பிட்டு, நாளைக்கு ஏழு மணிக்கு மூட்டை இருக்கிறது, நேரத்தோடு வா என்று மட்டும் சொன்னார். வீரன் தலையாட்டினான். பிறகு அங்கேயே, பிளாட்பாரத்தில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். நான் போய்வருகிறேன் என்றதற்குக்கூட எழுந்திருக்கவில்லை. எழ முடியவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெட்டியில்தான் இடம் இருந்தது. அதில் குளுவாங்காரர்கள். ஆ செங் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். வண்டி புறப்பட்டது. முகத்தைத் துண்டால் மூடி ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தவன் கேட்டான்:

"அண்ணே, வீரனைத் தவுக்கே வச்சுக்குவாரா?"

"நாளைக்கு ஏழு மணிக்கு வரச் சொன்னார்."

"ம்." துண்டை மடித்தான். "நான் நின்ன இடத்துலேருந்து தண்ணித் தொட்டி நேராத் தெரியும்."

நான் ஜன்னல் வழியே ரப்பர் மரத்தைப் பார்த்தேன்.

"வண்டி வந்து நின்னுடுச்சு," என்றான் அவன், மற்றவர்களுக்குக் கேட்காமல். "கத்தலாம்னு வாயைத் தொறந்தேன். அப்பதான் பந்து அவன் கையை விட்டுப் போச்சு."

"ஏன் கத்தலை?"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"உள்ள போவுதான்னு பாக்க வேணாமா லா?"

எதிர்ப் பெஞ்சில் அவனுடைய ஆட்கள், தோற்றது யாரால் என்று சீனத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே எனக்கு அன்னாசித் துண்டை நீட்டினார்கள். ரெங்கம் வரும்வரை வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன்.